பின்கொட்டகையை ஆறு மாதம் கொடுங்கள்

நெகிரி செம்பிலான் தோட்டத்து ஆலய நிர்வாகத்தாருக்கு ஒரு திறந்த மடல்



ரந்தாவ், சிலியாவ், லிங்கி, லாபு, பகாவ் என்று நெகிரியில் எந்தப் பக்கம் போனாலும் தோட்டத்து மாரியம்மனையும் முனீஸ்வரரையும் முருகனையும் கைவிடாமல் காத்து வருகிறவர்கள் நீங்கள். ரப்பர்க்காடு செம்பனையாக மாறிய பிறகும், லயங்கள் இடிந்து சனங்கள் தாமான்களுக்குப் போன பிறகும், திருவிழா என்றால் ஊரைத் திரும்பக் கூட்ட உங்களால்தான் முடிகிறது. எந்த வீட்டுப் பையன் பள்ளியை விட்டு நின்றுவிட்டான், எவன் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் சுற்றுகிறான் என்பது உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த அரசாங்க இலாகாவுக்கும் தெரியாது. அதனால்தான் இந்த மடலை அமைச்சுக்கும் கட்சிக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆலய மண்டபத்துக்குப் பின்னால் நாற்காலியும் பந்தல் கம்பமும் போட்டு வைக்கிற கொட்டகை ஒன்று உங்களிடம் இருக்கும். அதை ஆறு மாதத்துச் சனிக்கிழமைகளுக்கு விட்டுக்கொடுங்கள். நம் பிள்ளைகள் அதில் ஒரு சிறு படகு கட்டட்டும்.

படகா என்று நீங்கள் திகைப்பது எனக்குத் தெரிகிறது. இதைச் சொன்ன இடத்திலெல்லாம் ஏறத்தாழ ஒரே பதில்தான் கிடைத்தது: "நாம என்ன மீனவங்களாங்க? பிள்ளைங்க படிக்கட்டும். மரவேலை செஞ்சு யாரு பொழைச்சா?" இந்தப் பேச்சுக்கு நேராகப் பதில் சொல்லிவிட்டுத்தான் உங்களிடம் கொட்டகை கேட்க வேண்டும்.

உங்கள் தாத்தாவோ பாட்டியோ நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்களா? அப்படியானால் கரையை விட்டதும் அவர்கள் முதலில் கால் வைத்தது ஒரு தோணியில். பெரிய கப்பல் அங்கே கரையை ஒட்டி நிற்க முடியாது. வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களைத் தோணியில் கொண்டுபோய்த்தான் ஏற்றினார்கள். சென்னையிலும் துறைமுகம் கட்டுவதற்கு முன் அதே நிலைதான். அலை முறிகிற இடத்தைத் தாண்ட மசூலாப் படகு வேண்டும். அதில் இரும்பாணி கிடையாது, பலகையை உள்ளிருந்து தாங்கும் வங்கும் கிடையாது. பலகைகளை வளைத்து, ஓரங்களில் துளை போட்டு, தேங்காய்நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது படகு முழுவதும் நெளிந்து கொடுக்கும். விறைப்பாக ஆணி அடித்துக் கட்டிய ஐரோப்பியப் படகுகள் உடைந்துபோன அலையில் அது கரை சேர்ந்தது. நம்மவர்களை ஏற்றி வந்த 'ரஜூலா' கப்பலின் பெயரை நம் வீடுகளில் இன்னும் சொல்கிறோம். நம்மைக் கப்பல் வரைக்கும் கொண்டுபோன தோணியைக் கட்டிய கைகளை யாரும் சொல்வதில்லை.

இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி'யைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா? 89 அடி நீளப் பாய்க்கப்பல். அமெரிக்கர் ஒருவர் அதை வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே செலுத்திக்கொண்டு போக, 1938-இல் அது மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. நம் சொந்தக்காரர் ஊரில், நம் மொழி பேசுகிற மேஸ்திரிமார் கையால் வளைத்த பலகை அட்லாண்டிக்கைக் கடந்திருக்கிறது.

பழங்கதை வேண்டாம் என்றால் இதைக் கேளுங்கள். 2010-இல் 'மஸ்கட்டின் மாணிக்கம்' என்ற பெயர் கொண்ட கப்பல் ஓமானிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தது. இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கடலடியில் கிடைத்த, ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கப்பல் ஒன்றைப் பார்த்து, ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய கப்பல் அது. தைத்தவர்களில் கேரளத்து ஆசாரிகளும் உண்டு. கொச்சி, காலி, பினாங்கு, போர்ட் கிள்ளான் என்று தொட்டுக்கொண்டு வந்து அவ்வாண்டு ஜூலையில் சிங்கப்பூரை அடைந்தது. போர்ட் கிள்ளானிலிருந்து சிங்கப்பூர் போகிற கப்பல் நம் போர்ட்டிக்சனை ஒட்டிய தஞ்சோங் துவானைக் கடக்காமல் எப்படிப் போகும்? நம் கரையோரமாகத்தான் போயிருக்கிறது. நம்மில் யார் போய்ப் பார்த்தோம்? 2025 மே மாதம் இந்தியக் கடற்படையும் 'கௌண்டின்யா' என்ற தைத்த கப்பலைக் கார்வாரில் சேர்த்துக்கொண்டது. அதன் பலகைகளை ஆவியில் வேகவைத்துத்தான் வளைத்தார்கள். நம் நாட்டிலேயே கோலதிரங்கானு ஆற்றுமுகத்தில் பூலாவ் டுயோங் இருக்கிறது. அங்குள்ள மலாய்க்காரத் தச்சர்கள் செங்கால் மரப்பலகையைத் தீயில் வாட்டி, பாரம் ஏற்றி வளைத்து, மர முளை அடித்துச் சேர்க்கிறார்கள். வரைபடம் எதுவும் இல்லாமல் பெரிய பெரிய படகுகள் கட்டிய ஊர் அது. அங்கேயும் இப்போது கை வைக்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இனி வேலையைப் பற்றிச் சொல்கிறேன். எதற்காகக் கொட்டகை கேட்கிறேன் என்பது உங்களுக்குக் கண்ணில் தெரிய வேண்டும்.

சிறு படகுக்கு இன்று பலரும் கைக்கொள்வது மெல்லிய மரச்சட்டங்களால் கட்டும் முறை. 6 மில்லிமீட்டர் தடிப்பு, 20 மில்லிமீட்டர் அகலம். 14 அடிப் படகு என்றால், அதைவிடக் கொஞ்சம் நீளமான சட்டம் அறுபது எழுபது வேண்டும். ஓரடிக்கு ஒன்றாகப் பிளைவுட் அச்சுகளை நிறுத்தி, சட்டங்களை ஒவ்வொன்றாக அவற்றின்மேல் வளைத்து, ஓரத்தோடு ஓரம் பசையிட்டு ஒட்டிக்கொண்டே வர வேண்டும். நடுப்பகுதியில் வேலை ஓடிவிடும். படகின் முன்முனையான அணியத்தை நெருங்கும்போதுதான் சோதனை. படகின் நடுவில் தட்டையாகப் படுத்திருக்கிற சட்டம் அணியத்துக்குப் போய்ச் சேரும்போது எழுந்து செங்குத்தாக நிற்க வேண்டும். அந்த ஐந்தாறு அடிக்குள் அதே சட்டம் வளையவும் வேண்டும், முறுக்கிக்கொள்ளவும் வேண்டும்.

அந்த இடத்தில் ஒரு பையனை நிறுத்துங்கள். நுனியைப் பிடித்து ஒரேயடியாகத் திருகுவான், ஈரத்துணியைப் பிழிவதைப் போல. சட்டத்துக்குள்ளே சன்னமாக 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். வெளியே ஒன்றும் தெரியாது. இன்னும் கொஞ்சம் திருகினால் ஓரத்தில் ஒரு நார் எழும்பும்; அடுத்த நொடி கணு இருந்த இடத்தில் இரண்டாகப் போய்விடும். இப்போது வேலை தெரிந்த ஒரு பெரியவர் அடுத்த சட்டத்தை எடுக்கிறார். முதலில் அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ரேகை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடுகிறதா, நடுவில் ஓரத்துக்கு வெளியே போய்விடுகிறதா என்று பார்ப்பார். வெளியே போகிற ரேகை என்றால் அந்தச் சட்டத்தை நடுப்பகுதிக்கு ஒதுக்கிவிடுவார். பிறகு பழைய துண்டைக் கொதிநீரில் நனைத்து, முறுக்கு விழவேண்டிய இடத்திலும் அதற்குப் பின்னால் இரண்டு முழத்துக்கும் சுற்றி வைப்பார். பத்து நிமிடம் போனதும் துண்டை உருவிவிட்டு, நடுவிலிருந்து தொடங்கி, ஒவ்வோர் அச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டு போவார். முறுக்கை ஓரிடத்தில் சேர விடமாட்டார். நுனியை அளவுக்கு வெட்டாமல் ஒரு முழம் நீட்டி விட்டிருப்பார். பிடித்துத் திருக அதுதான் கைப்பிடி. வேண்டியதற்கும் சற்று அதிகமாகவே திருகிக் கட்டிவிட்டு மறுநாள் வரை தொடமாட்டார். அவிழ்த்ததும் சட்டம் கொஞ்சம் பின்வாங்கி, வேண்டிய கோணத்தில் வந்து நிற்கும்.

இதில் மாயம் ஏதும் இல்லை. மரத்தின் நார்களை ஒட்டி வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள், ஈரமும் சூடும் சேர்ந்தால் 100 பாகை செல்சியஸ் பக்கத்தில் இளகும், ஆறினால் இறுகும். வளைக்கும்போது உட்பக்கம் நசுங்குவதை மரம் நன்றாகவே தாங்கும். வெளிப்பக்கம் இழுபடுவதை ஒன்றிரண்டு விழுக்காட்டுக்கு மேல் தாங்காது. முறிவு வெளிப்பக்கத்தில் தொடங்குவது அதனால்தான். ஐரோப்பாவில் மைக்கேல் தோனெட் என்ற தச்சர் வெளிப்பக்கத்தில் இரும்புப் பட்டையைக் கட்டி, அந்த இழுவையைத் தடுத்துவிட்டு வளைத்தார். 1859-இல் வந்த அவருடைய 14-ஆம் எண் நாற்காலி உலகம் முழுக்கப் போயிற்று. நம் பக்கத்துப் பழைய சீனர் காப்பிக்கடைகளில் நீங்கள் உட்கார்ந்த வளைமர நாற்காலிகள் அந்த வம்சம்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சட்டத்தின் தடிப்பைப் பாதியாக்கினால் அதை வளைக்கத் தேவைப்படும் பலம் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கணக்குப் பாடத்தில் மும்மடிப் பெருக்கம் என்று கரும்பலகையில் போட்டால் தலையைக் குனிந்துகொள்கிற பிள்ளை, இரண்டு சட்டங்களைக் கையில் வளைத்துப் பார்த்ததும் அதைப் புரிந்துகொள்ளும்.

இந்த வித்தைக்கு வெளியூரில் ஆள் தேட வேண்டியதில்லை. உங்கள் ஆலயத்திலேயே ஆள் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கும் தைப்பூசத்துக்கும் காவடி வளைவைத் தாங்களே கட்டிய பெரியவர்கள் ஓரிருவராவது உங்கள் வட்டாரத்தில் இன்னும் இருப்பார்கள். ரோத்தான் பிரம்பைத் தணலுக்கு ஒரு சாண் மேலே பிடித்து உருட்டிக்கொண்டே இருப்பார்கள். தோலில் பளபளவென்று வியர்வை போல ஈரம் கசியும். அந்த நேரத்தில் எடுத்து முழங்காலில் கொடுத்து வளைப்பார்கள். முந்தினால் முறியும், பிந்தினால் கருகும். மூங்கிலைக் கிழித்தால் கணு வளைவின் உச்சியில் வராதபடி பார்த்து வைப்பார்கள். வளைத்ததைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, ஆறும் வரை தூணோரம் சாத்தி வைப்பார்கள். படகின் அணியத்தில் அந்தச் சட்டத்துக்குச் செய்வதும் இதே வேலைதான். அவர்களுக்கு லிக்னின் என்ற பெயர் தெரியாது. அது எப்போது இளகுகிறது என்பது கைக்குத் தெரியும்.

அந்தப் பெரியவர்களை நாம் என்ன செய்தோம்? ஆண்டு விழாவில் முதல் வரிசையில் உட்கார வைத்துப் பொன்னாடை போட்டோம். படம் எடுத்தோம். அவர்களிடமிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. காவடி இப்போது அலுமினியத்திலும் ஃபைபரிலும் ஆர்டர் கொடுத்தால் வந்து இறங்குகிறது. பையன்கள் வாடகைக்கு எடுத்துத் தோளில் ஏற்றுகிறார்கள். பக்தியைக் குறை சொல்ல நான் வரவில்லை. காவடி எடுப்பவன் கையும் அதன் வளைவும் ஒருமுறையாவது சந்தித்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. நம் பாட்டிமார் விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டிய ரப்பர் மரத்தைப் பற்றியது அது. 25, 30 ஆண்டில் பால் வற்றியதும் வெட்டிச் சாய்த்து விறகாக்கினார்கள். 1980-களில் அதே மரம் மேசையாகவும் நாற்காலியாகவும் வெளிநாடுகளுக்குக் கப்பலேறத் தொடங்கியது. ஜொகூர் மூவாரில் அந்த மரத்தை நம்பி ஒரு தொழிலே எழுந்து நிற்கிறது. மூன்று தலைமுறை அந்த மரத்தடியில் நின்றவர்கள் நாம். அதை அறுக்கவும் உலர்த்தவும் வளைக்கவும் கற்றுக்கொண்டு ஒரு பட்டறை போட்டவரை என் வட்டாரத்தில் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. மரத்தின் பால் நம் கையில் இருந்தது; மரம் நம் கைக்கு வரவே இல்லை. தச்சுவேலை கீழ்வேலை, சான்றிதழ்தான் மேல்வேலை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் வேறு யாரும் இல்லை, நாம்தான். சான்றிதழ் வாங்க முடியாத பிள்ளைக்கு நாம் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

நாற்காலி செய்யலாமே, படகு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நாற்காலியும் செய்யலாம், காவடி வளைவில்தான் தொடங்கவும் வேண்டும். படகுதான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம், அதைத் தனியாளாக முடிக்க முடியாது. பதினான்கு அடிச் சட்டத்தை ஒருவன் நடுவில் பிடிக்க, ஒருவன் பசையிட, ஒருவன் நுனியைத் திருக வேண்டும். மூவரில் ஒருவன் அவசரப்பட்டால் சட்டம் போய்விடும். இடப்பக்கம் வைத்ததை வலப்பக்கமும் அப்படியே வைத்தால்தான் படகு நேராக ஓடும். தண்ணீரில் இறக்கும் நாளில் யாருடைய சிபாரிசும் செல்லாது. ஒட்டு சரியில்லாத இடத்தில் நீர் உள்ளே வரும். ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நிற்கிற வயதில், பொறுமையையும் ஒற்றுமையையும் மேடைப் பேச்சில் கேட்டுக் களைத்த பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்கு இப்படி ஒரு வேலை கிடைத்தால் என்ன ஆகும் என்பதைச் சிறு அளவில் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 'எதற்கும் உதவாதவன்' என்று ஆசிரியர் கைவிட்ட பையன்தான் ரேகை பார்ப்பதில் முந்துகிறான்.

பெண் பிள்ளைகளையும் சேருங்கள். தோட்டத்தில் பால் வெட்டிய கைகளில் அவர்களுடைய பாட்டிமார் கைகளும் உண்டுதானே.

செலவைப் பற்றிக் கவலைப்படுவீர்கள். மரத்தை ஆவியில் வேகவைக்கும் பெட்டிக்கு நான்கு பிளைவுட் பலகை, ஒரு தகரப் பீப்பாய், ஒரு ரப்பர்க் குழாய் போதும். அன்னதானத்துக்குச் சோறு வடிக்கிற அதே கேஸ் அடுப்பில் ஆவி வரும். பெட்டியை இறுக அடைக்கக் கூடாது. ஆவி வெளியேற ஒரு துளை கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மணி நேரம் என்பது தச்சர் கணக்கு. நம் சட்டத்துக்குக் கால் மணி நேரமே அதிகம். தடிப்பான கையுறை வேண்டும். மரத்துக்கு மெராந்தி, கிடைத்தால் ஜெலுத்தோங்; இரண்டும் இலேசானவை, ஜெலுத்தோங்கில் ரேகை நேராக ஓடும். ரப்பர் மரத்தைப் படகுக்கு எடுக்கக் கூடாது. ஈரத்தில் பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் பிடித்துவிடும். வளைத்துப் பழக மட்டும் எடுங்கள். அதிலும் தளவாடத் தொழிற்சாலைக் கழிவாக வருவது சூளையில் உலர்த்திய துண்டு. அது வளையாது, முறியும். மறுநடவுக்கு வெட்டும் தோட்டத்தில் பச்சையாக அறுத்த துண்டைக் கேட்டு வாங்குங்கள். படகுக்கு வெளியே எப்பாக்சிப் பசையும் ஃபைபர் கிளாஸ் துணியும் போட வேண்டும். பணம் போகிற இடம் அதுதான். திருவிழாவில் வாணவேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்குவதில் ஒரு பங்கை ஓராண்டுக்கு மட்டும் இங்கே திருப்புங்கள்.

எங்கே ஓட்டுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லிங்கி ஆறு பக்கத்தில் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுங்கை ஊஜோங் ஈயம் அந்த ஆற்றில்தான் படகில் இறங்கியது. அதன் சுங்கத்துக்காகச் சண்டைகளே நடந்தன. ஆனால் லிங்கியில் முதலை உண்டு. பிள்ளைகளை அங்கே இறக்க வேண்டாம். போர்ட்டிக்சனில் கடல் அமைதியாக இருக்கும் காலை நேரம் போதும். ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு மேலாடை இல்லாமல் ஒருவரையும் ஏற்றக் கூடாது. துணைக்கு இயந்திரப் படகு ஒன்றும் பக்கத்தில் நிற்க வேண்டும். நம் குடும்பங்கள் விடுமுறைக்கு அந்தக் கடற்கரைக்குத்தான் போகின்றன, பாய் விரித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகின்றன. ஒருமுறை நம் பிள்ளைகள் கட்டிய படகு அங்கே மிதக்கட்டும்.

ஆகவே உங்களை நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக வையுங்கள். கொட்டகையில் கிடக்கும் நாற்காலிகளை ஆறு மாதத்துக்கு மண்டபத்தின் ஓரத்தில் அடுக்குங்கள். காவடி கட்டிய பெரியவர்களைத் தேடிப் பிடித்து, வாத்தியாராக வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் அவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள், பொன்னாடை வேண்டாம். பதின்ம வயதுப் பிள்ளைகளில் எட்டுப் பேரைச் சேருங்கள், அதில் பள்ளியை விட்டு நின்றவர்கள் பாதிப் பேராவது இருக்கட்டும். வருகிற பங்குனி உத்திரத்தில் ஒரு காவடியாவது அவர்கள் வளைத்த ரோத்தானில் எழட்டும். அதன் பிறகு படகுக்கு அச்சு நிறுத்தலாம்.

அந்தப் பெரியவர்களில் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட இந்த வேலையில் இடமில்லை. கொட்டகைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். கிளாம்ப்புகளையும் அச்சுப் பலகைகளையும் நான் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ரந்தாவ் வட்டாரத் தோட்டத்தில் பிறந்த ஒரு மரவேலைக்காரன்